நுவரெலியா காணிக்கு எந்த மரம் வைக்கலாம்? குளிர் தாங்குற மரங்கள் ஒரு ஒப்பீடு

கொழும்புல இருந்துகிட்டு நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை, பண்டாரவளைன்னு மேல ஒரு துண்டு காணி வாங்கி சின்னதா வீடு கட்டுற ஆக்கள் இப்ப நிறைய. வெள்ளவத்தைலயும் கொட்டாஞ்சேனைலயும் வாசல்ல ஒரு கறிவேப்பிலை வைக்கக்கூட இடமில்லாம இருந்தவங்களுக்கு மேல பத்து பேர்ச் கிடைச்சதும் மனசு மரத்துக்குத்தான் போகும். உடனே எல்லாரும் கேக்கிற கேள்வி, குளிர் தாங்குற மரம் எது, சைப்ரஸ் வைக்கவா, கிரவீலியா வைக்கவா, பூ மரம் ஏதாவது வருமா, நேர்சரில ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க, ஒண்டும் விளங்கேல்ல.

என்ட அபிப்பிராயம் என்னன்னா, குளிர மட்டும் வச்சு மரம் தெரிவு செய்ய ஏலாது. நம்ம மலைநாட்டு குளிர தாங்குற மரங்கள் நிறையவே இருக்கு. ஆனா அதுல பாதி பத்து பேர்ச் வளவுக்கு சரிவராத மரம், மிச்சத்துல சிலது உங்க காணில எந்த மூலைல நட்டீங்கங்கிறத பொறுத்துத்தான் பிழைக்கும் இல்லாட்டி கருகும்.

## முதல்ல எதை வச்சு அளக்கிறது

உறைபனி. நுவரெலியா 1,868 மீட்டர், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேல. வருஷ சராசரி வெப்பநிலை 16 பாகை மாதிரி. ஜனவரி, பெப்ரவரில வானம் தெளிஞ்ச, காத்து அசையாத ராத்திரிகள்ல விடியக்காலை புல்லு வெள்ளையா இருக்கும். நியூஸ்ல 4 பாகைன்னு சொல்லுவான், அது எப்படி உறையுதுன்னு நிறைய பேர் குழம்புவாங்க. அந்த 4 பாகை நிலத்துக்கு நாலடி மேல பெட்டிக்குள்ள வச்ச தேர்மாமீட்டர்ல எடுத்தது, தெளிஞ்ச வானத்துக்கு கீழ நிலம் தன்ட சூட்டை எல்லாம் விட்டுரும், அதால தரையோட ஒட்டின காத்து சைபருக்கு இறங்கிரும். குளிர் காத்து பாரம் கூட, அதனால தண்ணி மாதிரியே சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கும், சரிவுக்கு குறுக்க மதில் கட்டியிருந்தா அந்த மதிலுக்கு மேல் பக்கம் தேங்கி நிக்கும்.

இதால ஒரே காணில மேல் மூலை பச்சையா இருக்கும், கீழ் மூலை வெள்ளையா இருக்கும். ஜனவரில ஒரு தெளிஞ்ச ராத்திரி அங்க தங்கினீங்கன்னா விடிய ஆறு மணிக்கு வெயில் விழ முந்தி எழும்பி வளவ ஒரு சுத்து சுத்தி வாங்க, புல்லு எங்க வெள்ளையா இருக்குன்னு பாத்து அந்த எல்லைல நாலு குச்சி குத்தி வைங்க. எட்டு மணிக்கு போய் பாத்தா ஒண்டும் தெரியாது, எல்லாம் உருகி வெறும் ஈரப் புல்லாத்தான் இருக்கும். அந்த நாலு குச்சி நேர்சரிக்காரர் சொல்ற எதையும் விட உங்களுக்கு உதவும்.

இன்னொண்டு, உறைபனி முக்கியமா அடிக்கிறது தரையோட கிட்ட இருக்கிற குட்டி கன்றுகளத்தான். மரம் ஆள் உயரம் தாண்டி தண்டு தடிச்சிட்டா அநேகமா தப்பிரும். அதனால "குளிர் தாங்குமா" ங்கிற கேள்வி உண்மைல முதல் ரெண்டு மூணு ஜனவரிய தாண்டுமாங்கிற கேள்வி.

காத்தும் மழையும். நுவரெலியா, ஹட்டன் பக்கம் ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்மேல் பருவக் காத்து. மண் ஊறி இளகி இருக்கிற நேரத்துல காத்து அடிச்சா வேர் மேலால ஓடுற உயர மரம் அடியோட சாயும். பண்டாரவளை, வெலிமடை பக்கம் அதே மாசங்கள்ல மழை குறைவு, காஞ்ச காத்துத்தான் அடிக்கும், ஊவா தேயிலைக்கு ஜூலை செப்டம்பர்ல அந்த மணம் வாறதே அந்தக் காத்தாலதான். ரெண்டு இடத்துக்கும் ஒரே மரம், ஒரே நடுற மாசம்னு சொல்றவங்கள நம்பாதீங்க.

இடம். ஒரு பேர்ச் 25 சதுர மீட்டர் மாதிரி. பத்து பேர்ச்ல வீடு, வாகனம் நிப்பாட்ட இடம், செப்டிக் குழி எல்லாம் போக மிச்சம் இருக்கிறது நூறு சதுர மீட்டர் இருந்தா பெரிய விஷயம். நூறடி வளர்ற மரம் அதுக்குள்ள நிக்குமா?

சரிவு. 2025 நவம்பர்ல டிட்வா புயலுக்கு பிறகு மலைநாட்டுல மண்சரிவு எப்படி இருக்கும்னு யாருக்கும் சொல்லித்தர தேவையில்ல. வீட்டுக்கு பின்னால மண் வெட்டி எடுத்த செங்குத்து ஓரத்துல பாரமான உயர மரம் வைக்காதீங்க, காத்துல மரம் ஆடும்போது அந்த ஆட்டம் வேரால மண்ணுக்கு இறங்கும். சந்தேகம் இருந்தா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கிட்ட கேளுங்க, வீடு கட்டேக்க அவங்க அறிக்கை எடுத்திருந்தீங்கன்னா அதுலயே காணியப் பத்தி விஷயம் இருக்கும்.

யார் பாக்கிறது. நீங்க கொழும்புல. ஏப்ரல் சீசனுக்கும் டிசம்பர் லீவுக்கும் போவீங்க, நடுவுல ஒரு நீட்டு வீக்கெண்ட் கிடைச்சா போவீங்க. மிச்ச நாள் எல்லாம் வாட்சர் ஒருத்தர்ட கையில. வருஷம் ரெண்டு தரம் ஏணி வச்சு கத்தரிக்கிற மரம் உங்களுக்கு தேவையான்னு முதல்லயே யோசிங்க.

ஒரு சின்ன விஷயம், டொரொன்டோல இருக்கிற சொந்தக்காரர் மேப்பிள் வை, ஸ்புரூஸ் வை, மைனஸ் முப்பதும் தாங்கும்னு சொல்லுவாங்க. அங்க தாங்கும், ஏன்னா அங்க மரம் இலை கொட்டி, இல்லாட்டி உள்ளுக்குள்ள எல்லாத்தையும் நிப்பாட்டி மாசக்கணக்கா தூங்குது. நுவரெலியால மாசத்துக்கு மாசம் வெப்பநிலை பெருசா மாறவே மாறாது, மரத்துக்கு தூங்குற காலம் வராது, அதனால அந்த மரம் எப்ப துளிர்க்கிறதுன்னு தெரியாம இழுத்துகிட்டே கிடக்கும். நமக்கு வேண்டியது வருஷம் முழுக்க வளர்ந்துகிட்டே நடுவுல சில ராத்திரி லேசான உறைபனிய சமாளிக்கிற மரம். அப்படியான மரங்கள் அநேகமா அவுஸ்திரேலியா, கலிபோர்னியா கரை, தென்னமெரிக்கா, நம்மட சொந்த மேட்டுக் காடு, இந்த நாலு பக்கத்துல இருந்துதான் வரும்.

## சைப்ரஸ்

நுவரெலியான்னாலே கண்ணுக்கு வாற மரம். இங்க நிறைய இருக்கிறது கலிபோர்னியால மொன்டரே கடற்கரையோர மரம், காத்தையும் மூட்டத்தையும் பழகினது. உறைபனிய குட்டில இருந்தே நல்லா தாங்கும், அந்த ஒரு விஷயத்துல இது எல்லாத்துக்கும் மேல. வேகமா வளரும், வருஷம் முழுக்க பச்சை, ரோட்டு பக்கம் மறைப்பு வேணும்னா இதை விட நல்லது கஷ்டம்.

ஆனா செலவு பிறகு வரும். சும்மா விட்டா எழுபது எண்பது அடிக்கு போயிரும். வேலியா வச்சிருக்கணும்னா சின்னதுல இருந்தே கத்தரிச்சுகிட்டே வரணும், ரெண்டு வருஷம் விட்டுட்டு "இப்ப நல்லா கட் பண்ணுவோம்"னு உள்ள இருக்கிற பழுப்பு கொப்பு வரைக்கும் வெட்டினா அந்த இடத்துல திரும்ப துளிர்க்கவே துளிர்க்காது, ஓட்டை ஓட்டையா நிரந்தரமா நிக்கும். நிறைய பங்களா வேலிகள் இப்படித்தான் கெட்டுப்போச்சு. பெருசானதை வெட்டி இறக்கிறது சின்ன வேலையும் இல்ல, வீட்டுக்கும் கரண்ட் கம்பிக்கும் நடுவுல நிக்கிற மரத்த கயிறு கட்டி துண்டு துண்டாத்தான் இறக்கணும், அதுக்கு தெரிஞ்ச ஆள் வேணும். நிழல் அவ்வளவு இருட்டு, அடில புல்லுகூட வராது, வீட்டுக்கு கிழக்க வச்சீங்கன்னா காலை வெயில் போச்சு. நுவரெலியால காலை வெயில் இல்லாத வீட்டுல சுவர் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும்.

காணி இருபது பேர்ச்சுக்கு மேல, காத்து நேரா அடிக்கிற மேடு, மாசா மாசம் பாக்கிற தோட்டக்காரர் இருக்கார், அப்படின்னா சைப்ரஸ் வேலி வைக்கலாம். மத்தவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## கிரவீலியா

தோட்டத்துல சவுக்குன்னு சொல்ற மரம், கடற்கரைல நிக்கிற சவுக்கு வேற. தேயிலைக்கு நடுவுல நிழலுக்கும் காத்துத் தடுப்புக்கும் நிக்கிறது இதுதான். அவுஸ்திரேலிய மரம், இலை பன்னம் மாதிரி வெட்டு வெட்டா, அடிப்பக்கம் வெள்ளி நிறம், பூ ஒரேஞ்ச் கலந்த மஞ்சள், தேன் நிறைய. கன்று லேசா கிடைக்கும், விலையும் குறைவு, வேகமா வளரும்.

குட்டில உறைபனி பட்டா நுனி கருகும், பள்ளத்துல வச்சா செத்தே போகலாம், வளர்ந்த பிறகு பிரச்சினை இல்ல. இதுல மறைஞ்சிருக்கிற தொல்லை ரெண்டு. ஒண்டு கொப்பு, காத்துக்கு சடார்னு முறியும், கூரைத் தகட்டுல விழுந்தா அந்த சத்தமும் செலவும் சும்மா இல்ல. மற்றது இலை, ஓயாம கொட்டிகிட்டே இருக்கும், பீலி அடைச்சு மழைத்தண்ணி சுவர் வழியா உள்ள இறங்கும், நீங்க அடுத்த தரம் போகேக்கதான் சீலிங்ல கறை தெரியும். தேயிலைத் தோட்டத்துல இது நல்லா நிக்குதுன்னா அங்க வருஷா வருஷம் கொப்பு வெட்ட ஆள் இருக்கு, கீழ கூரையும் இல்ல.

வீட்டுல இருந்து முப்பது அடிக்கு மேல தள்ளி, எல்லைல ரெண்டு மூணு மரம் வைக்க இடமிருந்தா இது நல்ல தெரிவுதான். விறகும் வரும், பலகையும் வரும்.

## ஜக்கரண்டா

ஊதா பூவ படத்துல பாத்துட்டு எல்லாரும் கேக்கிற மரம். பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடை பக்கம்னா தயங்காம வைங்க. வெயிலும் கொஞ்சம் வறட்சியும் கிடைச்சாத்தான் இது நல்லா பூக்கும், ஊவா பக்கம் அது ரெண்டும் இருக்கு. நுவரெலியா டவுன், கந்தப்பளை மாதிரி மூட்டமும் ஈரமும் கூடின இடத்துல இலை வரும், பூ ஏமாத்தும்.

குட்டி ஜக்கரண்டா உறைபனிக்கு ரொம்ப பயந்த மரம். உறைபனி பட்ட கன்றப் பாத்தீங்கன்னா விடிய இலை கரும்பச்சையா, ஊறின மாதிரி தொங்கும், மத்தியானத்துக்குள்ள சுடுதண்ணி ஊத்தின கீரை மாதிரி சுருண்டு கறுத்திரும். தண்டு தடிச்ச பிறகு பரவாயில்ல. இதுட சின்ன சின்ன இலையும் பீலிக்கு எதிரிதான், பூ விழுந்த சீமெந்து தரை மழைல வழுக்கும், வயசானவங்க நடக்கிற படிக்கட்டு பக்கம் வேண்டாம். அகலமா விரியிற மரம், அதனால பத்து பேர்ச்சுக்கு ஒண்டே போதும்.

## பொட்டில் பிரஷ்

யாரும் பெருசா கணக்கெடுக்கிறதில்ல, ஆனா கொழும்புல இருந்து பாக்கிறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். இருபது இருபத்தஞ்சு அடிக்கு மேல போகாது, தொங்குற கொப்பு, சிவப்பு பிரஷ் மாதிரி பூ, தேன்சிட்டு வந்துகிட்டே இருக்கும். ஈர மண்ணுலயும் நிக்கும், கொஞ்சம் காஞ்சாலும் நிக்கும், லேசான உறைபனிக்கு நுனி மட்டும் கருகி திரும்ப துளிர்க்கும். கத்தரிக்கிறதுன்னா பூ முடிஞ்ச உடனே ஒரு தரம், ஆள் நின்னபடியே செய்யலாம், ஏணி தேவையில்ல.

குறை இல்லாம இல்ல. நிழல் பெருசா தராது, மறைப்பும் முழுசா வராது, வேர் ஈரத்த தேடிப் போகும், அதனால செப்டிக் குழி, தண்ணி பைப்புக்கு கிட்ட வைக்கக் கூடாது, பத்து பன்னிரண்டு அடியாவது விடுங்க. பெரிய மரத்துட கம்பீரம் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு இது பிடிக்காது.

## மகா ரத்மல்

ஹோட்டன் சமவெளிக்கு போனவங்க பாத்திருப்பீங்க, முறுக்கின தண்டு, தடிச்ச வெடிச்ச பட்டை, கடும் சிவப்பு பூங்கொத்து. ரோடோடென்ட்ரன் வகை, இந்த உபவகை இலங்கைக்கே உரியது. இலைய திருப்பிப் பாத்தா அடில பழுப்பு நிறத்துல கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், மேல் பக்கம் தோல் மாதிரி தடிப்பு. உறைபனியும் காத்தும் மூட்டமும் இதுக்கு பிறந்த வீடு. முப்பது அடிக்கு மேல போறது குறைவு, வேர் வீட்டுக்கு ஆபத்தில்ல, கொப்பு வெட்டுற வேலையே இல்ல. எனக்கு இந்த லிஸ்ட்ல ஆகப் பிடிச்ச மரம் இதுதான், நம்ம மலையில பிறந்த மரத்த நம்ம மலையில வைக்கிறதுல ஒரு சந்தோஷம் இருக்கு.

ஆனா பொறுமை வேணும். ரொம்ப மெதுவா வளரும், விதைல இருந்து வந்த கன்று பூக்க பல வருஷம் எடுக்கும். கன்று லேசா கிடைக்காது. அதுக்காக ஹோட்டன் சமவெளில இருந்து பிடுங்கிட்டு வந்திராதீங்க, அது 1988ல இருந்து தேசிய பூங்கா, செடி எடுக்கிறது சட்டப்படி குற்றம், பிடுங்கின மரம் அநேகமா பிழைக்கவும் பிழைக்காது. யாராவது "காட்டுல இருந்து கொண்டுவந்து தாறேன்"னு சொன்னாலும் வாங்காதீங்க. நேர்சரில விதைல வளர்த்ததான்னு கேட்டு வாங்குங்க.

இதுக்கு பெரிய எதிரி குளிர் இல்ல, சீமெந்து. தேயிலை மாதிரி இதுக்கும் புளிப்பு மண் வேணும். புது வீடு கட்டின இடத்துல மேசன்மார் சாந்து கழுவின தண்ணி, உடைஞ்ச கொங்கிரீட், சுண்ணாம்பு எல்லாத்தையும் வளவுக்குள்ளயே மூடிட்டு போயிருவாங்க, அந்த மண்ணுல இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரியும், பிறகு வருஷக்கணக்கா இழுத்து சாகும். நட முந்தி ரெண்டடி தோண்டிப் பாருங்க, கட்டட குப்பை வந்தா வேற இடம் பாருங்க.

இதே குணத்தோட கொஞ்சம் வேகமா வரணும்னா காட்டுச் சண்பகம் இருக்கு, மேட்டுக் காட்டு மரம், வெள்ளைப் பூ, வாசம். கமீலியாவும் நல்லது, தேயிலைக்கு சொந்தக்கார செடி, புளிப்பு மண்ணு கேக்கும், சின்ன வளவுக்கு அளவா நிக்கும்.

## பெயார்ஸ், பிளம்ஸ்

பழ மரமே வேணும்னா இந்த ரெண்டும் நுவரெலியா, வெலிமடை குளிருக்கு பழகினது. ஒட்டுக் கன்றா பாத்து வாங்குங்க, வருஷம் ஒரு தரம் தெரிஞ்ச ஆளை வச்சு கத்தரிக்கணும், குரங்குக்கும் வௌவாலுக்கும் பங்கு போக மிச்சம்தான் உங்களுக்கு. கொழும்புல இருந்து மா, பலா, தென்னங்கன்று எல்லாம் வேன்ல ஏத்திட்டு போறவங்க இருக்காங்க, நுவரெலியா உயரத்துல அது வீண் வேலை.

## வேண்டவே வேண்டாம்னு சொல்றது

டர்பன்டைன் மரம், அதாவது யூகலிப்டஸ், வீட்டு வளவுக்கு வேண்டாம். உயரம் கட்டுக்கடங்காது, முன்னறிவிப்பில்லாம பெரிய கொப்பு விழும், பக்கத்துல எந்த செடிக்கும் தண்ணி மிச்சம் வைக்காது. வொட்டில் மரம் விதையால பரவி அடுத்த காணிக்கும் காட்டுக்கும் போயிரும். டிசம்பர்ல கொழும்புல சட்டில விக்கிற கிறிஸ்மஸ் மரம் இருக்கே, அரோகேரியா, பண்டிகை முடிஞ்சதும் அதை மேல கொண்டுபோய் நடுறது இப்ப ஒரு பழக்கமாச்சு, பாசத்துல செய்றதுதான் ஆனா அது நூறடி தாண்டுற மரம், வீட்டுக்கு பத்தடி தள்ளி வச்சிட்டு வந்தா உங்க பிள்ளைகள்தான் பிறகு வெட்டுக்கூலி கட்டணும்.

## ஒரே பார்வைல

| மரம் | குட்டில உறைபனி | வளர்ந்தா உயரம் | பராமரிப்பு | எங்க நல்லது |
|---|---|---|---|---|
| சைப்ரஸ் | நல்லா தாங்கும் | மிக உயரம் | கூட | பெரிய காணி, காத்து மேடு |
| கிரவீலியா | நுனி கருகும் | உயரம் | கூட | எல்லை ஓரம், வீட்டுக்கு தூர |
| ஜக்கரண்டா | தாங்காது | நடுத்தரம், அகலம் | நடுத்தரம் | ஊவா பக்கம், வெயில் இடம் |
| பொட்டில் பிரஷ் | ஓரளவு தாங்கும் | சின்னது | குறைவு | சின்ன வளவு, ஆள் இல்லாத வீடு |
| மகா ரத்மல் | நல்லா தாங்கும் | சின்னது | மிகக் குறைவு | நுவரெலியா உயரம், புளிப்பு மண் |
| பெயார்ஸ் | தாங்கும் | சின்னது | நடுத்தரம் | பழம் வேணும்னா |

பத்து பேர்ச், நுவரெலியா பக்கம், வாட்சர் மட்டும் இருக்கார்னா நான் வைக்கிறது முன்னுக்கு ரெண்டு பொட்டில் பிரஷ், உறைபனி தேங்குற கீழ் மூலைல ஒரு மகா ரத்மல், ஏன்னா அந்த மூலைல வேற எதுவும் நிம்மதியா வளராது. பண்டாரவளைன்னா மேல் பக்கம் ஒரு ஜக்கரண்டா, அதோட கமீலியா ஒண்டு ரெண்டு. முடிவெடுக்க முந்தி ஒரு தரம் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கு போய் வாங்க. மலேரியாவுக்கான கொயினா மருந்து எடுக்கிற சிங்கோனா மரத்த 1861ல வளர்க்க தொடங்கின இடம், குளிர் நாட்டு மரங்கள் அங்க முழு வளர்ச்சில நிக்கிறத பாக்கலாம். சட்டில ஒரு முழம் இருக்கிற கன்று பிறகு எவ்வளவு இடம் பிடிக்கும்னு கண்ணால பாத்தாத்தான் விளங்கும்.

## வாங்கிறதும் நடுறதும்

பத்தரமுல்ல பக்கம் ரோட்டோரத்துல அழகா அடுக்கி வச்சிருக்கிறத வாங்கி மேல கொண்டுபோகாதீங்க, கொழும்பு சூட்டுல வளர்ந்த கன்று ஒரே நாள்ல அந்தக் குளிருக்கு போனா அதிர்ச்சில நிண்டுரும். மேலயே நேர்சரில வாங்குங்க. பொலித்தீன் பைட அடிய திருப்பிப் பாருங்க, வேர் பைய கிழிச்சு நிலத்துக்குள்ள போய் பிடுங்கி எடுத்ததா இருந்தா, இல்லாட்டி வேர் உள்ளுக்குள்ள வட்டம் வட்டமா சுத்தியிருந்தா வேண்டாம். ஆறடி கன்ற விட ரெண்டடி கன்று நல்லா பிடிக்கும், காத்துக்கும் சாயாது.

நுவரெலியா, ஹட்டன்னா ஏப்ரல் கடைசி, மே மழை தொடங்கேக்க நடுங்க, அப்பதான் ஜனவரிக்குள்ள எட்டு மாசம் கிடைக்கும். ஊவா பக்கம்னா ஒக்டோபர் மழைக்கு, ஏப்ரல்ல நட்டா அடுத்து வாற காஞ்ச காத்து கன்ற வாட்டிரும். ஒக்டோபர்ல நட்டது முதல் ஜனவரிக்கு இன்னும் குட்டிதான், அதை பாதுகாக்கிற பொறுப்ப வாட்சர்ட தெளிவா சொல்லிட்டு வாங்க.

அவருக்கு சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நவம்பர், டிசம்பர்ல யூரியா போட வேண்டாம், இளந்துளிர் வந்தா அதுதான் முதல்ல கருகும். ஜனவரில வானம் தெளிஞ்சு காத்து நின்ன பின்னேரங்கள்ல கன்ற சுத்தி மண்ண நனைச்சு விடணும், ஈர மண் பகல் சூட்டை ராத்திரிக்கு வச்சிருக்கும். மூணு குச்சி நட்டு மேல சாக்கு போடணும், சாக்கு இலைல முட்டக் கூடாது, வெயில் வந்ததும் எடுத்திரணும். எப்படியோ நுனி கருகிட்டா உடனே வெட்ட வேண்டாம், அந்த கருகின இலைதான் கீழ இருக்கிற மொட்டுக்கு அடுத்த ராத்திரி மறைப்பு. மார்ச் வந்து துளிர் எந்த இடத்துல கிளம்புதுன்னு தெரிஞ்ச பிறகு அதுக்கு மேல வெட்டிவிட்டா போதும்.